மூன்றாவது குழாய்

அறுபது டாலருக்கு வாங்கினேன்.
விற்றவன் விவாகரத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தான்.
படகு அவளுக்கு, நாய் இவனுக்கு,
இந்த உறைபெட்டி மட்டும் இருவருக்கும் வேண்டாம்.
மூடியைத் தூக்கினால்
அடியில் பனியோடு பனியாய் ஒட்டிக்கிடந்தது
ஒரு மூஸ் மானின் தொடைக்கறி.
சுற்றிய காகிதத்தில் பெண் கையெழுத்தில் தேதி.
கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு
நாய்க்கு ஆகும் என்று எடுத்துக்கொண்டான்.

கராஜில் பீர்க்குழாய் வைக்கப்போகிறேன் என்றேன்.
ரௌனோ செய்தித்தாளை இறக்காமலே
"வை" என்றார்.

உறைபெட்டியின் சுவருக்குள்
நரம்பு எங்கே ஓடுகிறதென்று வெளியே தெரியாது.
துளை ஒரு விரல்கடை தவறினால்
உஸ்ஸென்று உயிர் போய்விடும்.
அதனால் பெட்டியில் கை வைக்கக்கூடாது;
பெட்டிக்கும் மூடிக்கும் நடுவே
மரத்தில் ஒரு கழுத்து செய்து
துளைகளையெல்லாம் கழுத்தில் போட வேண்டும்.
இதைச் சொன்னது பக்கத்து வீட்டு டூஷார்ம்.
இருபத்தாறு வருடம் ரயிலில்
குளிர்ப்பெட்டிகளுக்கு வைத்தியம் பார்த்தவர்.
துளைக்கருவியோடு வந்து நின்றார்,
யாரும் கூப்பிடவில்லை.

அவர் குடியை விட்டுப் பதினான்கு மாதம்.
தெருவுக்கே தெரியும், தெரு அதைப் பேசாது.
மரத்தை அறுத்தபடியே
இந்த வேலையை எப்படி நிறுத்துவது என்று யோசித்தேன்.
அவர் பென்சிலைக் காதில் இருந்து எடுத்து
"இரண்டு குழாயா, மூன்றா, இர்யா?" என்றார்.
"இரண்டு."
மூன்று புள்ளி வைத்தார்.

உறைய வைக்கவென்றே பிறந்த இயந்திரத்தை
மூன்று டிகிரியில் பிடித்து நிறுத்த வேண்டும்.
காவலுக்கு ஒரு சின்னக் கருப்புப் பெட்டி.
உள்ளே சூடேறினால் ஓடு என்னும்,
போதுமென்றால் நில் என்னும்.
முதல்முறை நில் என்றபோது
பாதிச் சாப்பாட்டில் எழுப்பப்பட்டவன் போல
உடம்பெல்லாம் ஒருதரம் குலுங்கி
நின்றது.

முதல் கோப்பை முழுக்க நுரை.
இரண்டாவதும்.
ரௌனோவின் தம்பி பெக்கா
கரண்டி கேட்டான்.
டூஷார்ம் உள்ளே எட்டிப் பார்த்தார்.
"வழி குட்டை. உருளையில் இருந்து கிளம்பின ஆத்திரம்
அடங்க நேரம் வேண்டாமா?"
ஒரு மீட்டர்க் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு
மூன்று மீட்டரைப் பாம்பாய்ச் சுருட்டி வைத்தோம்.
பொன்னிறமாய், சத்தமில்லாமல் வந்தது.
அவர் அதை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்,
தெளிவு சரி என்றார்,
என்னிடம் நீட்டினார்,
கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.
இரண்டு முறை.

ஜனவரி.
தண்டர் பே முழுக்கப் பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ஏரி ராத்திரியெல்லாம் வெடித்து முனகிற்று.
கராஜுக்குள் பதினெட்டு, அதுவும் கீழேதான்.
உறைபெட்டி பத்து நாளாய் மூச்சு விடவில்லை.
காவல்காரன் நில் நில் என்றே சொல்லிக்கொண்டிருக்க
பெட்டியைச் சட்டை செய்யாமல்
ஊர்க்குளிரே உள்ளே இறங்கி
பீரை உறைய வைக்கத் தொடங்கியிருந்தது.

இரவு பத்தரைக்கு டூஷார்ம் வந்தார்,
ஒரு கையில் காலி பெயின்ட் டின்,
மறு கையில் அறுபது வாட் பல்பு.
வெளிச்சம் பட்டால் பீர் நாறும்,
அதனால் டின்னுக்குள் பல்பு.
காவல்காரனுக்கு இன்னொரு சொல் கற்றுக்கொடுத்தோம்:
குளிர்ந்தால், ஏற்று.

உறைபெட்டிக்குள் கணப்பு வைத்த கதையை
பெக்கா இன்றுவரை நம்பவில்லை.
ஆனால் அந்த இரவில்
கராஜிலேயே வெதுவெதுப்பான இடம் அதுதான்.
மூடியைச் சாத்த மனமில்லாமல்
இருவரும் கையுறையைக் கழற்றி
உள்ளே கை நீட்டிக்கொண்டு நின்றோம்.

அப்போதுதான் சொன்னேன்,
மூன்றாவதில் இஞ்சி சோடா நிரப்பியிருக்கிறேன்,
நானே காய்ச்சியது, எலுமிச்சை கொஞ்சம் தூக்கல்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
பெக்காவின் கோப்பையைத் தேடி எடுத்துக் கழுவி
பிடியைச் சாய்த்தார்.

முழுக்க நுரை.

"சோடாவுக்கு அழுத்தம் கூட, இர்யா.
மூன்று மீட்டர் பத்தாது" என்றார்.
"ஏழெட்டு வேண்டும்."

கடை காலையில்தான் திறக்கும்.
நுரை அடங்கட்டும் என்று
நின்றுகொண்டிருந்தோம்.